ப்ளூஸின் பொற்காலம் எது?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையின் பொற்காலம் என்றால் அது ராபர்ட் ஜான்சன் காலம்தானே? 1930-களில் மிசிசிப்பியில் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களோடு அது முடிந்துவிட்டதா?

இல்லை என்பதுதான் என் பதில். ஜான்சன் பெரிய கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பாடிய வருடங்கள் ப்ளூஸ் வியாபாரம் படுத்துக் கிடந்த வருடங்கள். ஓர் இசையின் பொற்காலத்தைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த இசை எந்த மக்களுடையதோ, அவர்களே தங்கள் கைக்காசைப் போட்டு அதை வாங்கினார்களா, அதற்கு ஆடினார்களா? அப்படிப் பார்த்தால் ப்ளூஸுக்கு இரண்டு உச்சங்கள் உண்டு. முதலாவது 1920 முதல் 1929 வரை; அதை ஆண்டவர்கள் பெண்கள். இரண்டாவது 1948-இலிருந்து 1950-களின் நடுப்பகுதி வரை. அதன் தலைநகரம் சிகாகோ. ஜான்சன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் வாழ்ந்து மறைந்தவர்.

முதலில் பிறப்பைப் பார்த்துவிடுவோம். ப்ளூஸ் பிறந்த இடமாகச் சொல்லப்படும் மிசிசிப்பி டெல்டா, பெயரைக் கேட்டு நாம் நினைப்பது போல ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் அல்ல. மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் இடையில் கிடக்கும் வண்டல் சமவெளி. காட்டை அழித்துப் பருத்தி போட்ட பூமி. அடிமைமுறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய கைகளிலேயே இருந்தது. விடுதலையானவர்கள் வாரத்துக்கு உழுதார்கள். விளைச்சலில் பாதி முதலாளிக்கு. மீதிப் பாதியில், வருடம் முழுக்கப் பண்ணைக் கடையில் வாங்கிய மாவுக்கும் துணிக்கும் விதைக்கும் கழித்துக்கொள்வார்கள். கணக்கு எழுதுகிறவர் முதலாளியின் ஆள். எனவே பல குடும்பங்கள் அறுவடை முடிந்ததும் இன்னும் கடன்காரர்களாகவே நின்றார்கள்.

இந்த மண்ணில் 1890-களில், 1900-களின் தொடக்கத்தில் பல ஓடைகள் ஒன்றாகக் கலந்தன. வயலில் தனியாக வேலை செய்கிறவன் இழுத்துக் கத்தும் குரல், ரயில் பாதை போடும் கூட்டத்தின் வேலைப் பாட்டு, தேவாலயப் பாடல், ஊர் ஊராகப் போகும் கூடார நாடகக் குழுக்களின் மேடைப் பாட்டு எல்லாம் சேர்ந்தன. அஞ்சல் வழியில் மலிவாக கிட்டார் வாங்க முடிந்ததும் ஒரு காரணம். 1903 வாக்கில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, ஒருவர் கிட்டார் தந்திமேல் கத்தியை அழுத்தி இழுத்து வாசித்துப் பாடுவதைக் கேட்டதாக டபிள்யூ.சி. ஹேண்டி பின்னாளில் எழுதினார். ஹேண்டி நோட்டு படித்த இசைக்குழுத் தலைவர். கேட்டதை மெருகேற்றி 1912-இல் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’, 1914-இல் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ என்று அச்சிட்டு விற்றார். ‘ப்ளூஸின் தந்தை’ என்று தன்னையே அழைத்துக்கொண்டார். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ப்ளூஸ் காசாகும் என்று முதலில் கண்டுகொண்டவர்களில் அவர் ஒருவர்.

இசையின் அமைப்பு எளிமையானது. பெரும்பாலான பாட்டு 12 பார் (தாளக் கட்டம்) கொண்ட ஒரு சுற்று, மூன்றே மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்). மூன்று வரி: முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் முடிச்சை அவிழ்ப்பார்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கொஞ்சம் இடம் விடுவார்கள். அந்த இடத்தில் கிட்டாரோ மவுத் ஆர்கனோ பதில் சொல்லும். ஆளை இழுத்துப் பிடிப்பது ஸ்வரங்களில் இருக்கிறது. மேற்கத்திய ஸ்கேலின் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஸ்வரங்களை முழுதாக நிறுத்தாமல், பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ வளைத்துப் பிடிப்பார்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வளைவு அந்நியமாக இருக்காது. பாட்டிலின் கழுத்தை உடைத்து விரலில் மாட்டிக் கிட்டார் தந்தியை வருடுவதும் இதற்காகத்தான். கிட்டாரின் கட்டுகளுக்கு (ஃப்ரெட்) நடுவில் இருக்கும் ஸ்வரத்தை எட்ட அது ஒரு வழி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ப்ளூஸ் என்றால் ஒப்பாரி என்று பலர் நினைக்கிறார்கள். அது சனிக்கிழமை ராத்திரியின் ஆட்டப் பாட்டு. பண்ணைக்குள் யாரோ ஒருவர் வீட்டில் மேசை நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வறுத்த மீனும் கள்ளச்சாராயமும் விற்று, விடிய விடிய ஆடுவார்கள். ‘ஜூக் ஜாயின்ட்’ என்பது அதுதான். அங்கே ஆட்டம் நின்றால் பாடகருக்கு வேலை போச்சு. கிட்டார்காரர் காலால் தரையை உதைத்துத் தாளம் போட்டதும், தொண்டை கிழியப் பாடியதும் அந்தக் கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காக.

சரி, முதல் உச்சத்துக்கு வருவோம். 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் ஓகே என்ற கம்பெனிக்காக மேமி ஸ்மித் என்ற பாடகி ‘கிரேஸி ப்ளூஸ்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்க மாட்டார்கள் என்று அதுவரை கம்பெனிகள் முடிவு கட்டியிருந்தன. பாட்டை எழுதிய பெர்ரி பிராட்ஃபோர்ட் கம்பெனி கம்பெனியாக அலைந்து, ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலைப் பதிவு செய்யச் சொல்லி மன்றாடித்தான் அந்த வாய்ப்பு கிடைத்தது. தட்டு வெளிவந்ததும் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் தீயாக விற்றது. தொலைதூர ரயில்களில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் கட்டுக்கட்டாக வாங்கித் தெற்கே கொண்டுபோய் விற்றார்கள். எல்லாக் கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. ‘ரேஸ் ரெகார்ட்ஸ்’ என்று கறுப்பினத்தவருக்காகத் தனி வரிசையே பிறந்தது.

அடுத்த சில வருடங்கள் முழுக்கப் பெண்களின் ராஜ்யம். ஜார்ஜியாவின் மா ரெய்னி, தங்கப் பல்லும் காசு மாலையுமாகக் கூடார மேடைகளில் பல காலம் பாடியவர். 1923-இல்தான் பதிவுக்கு வந்தார். அதே வருடம் டென்னஸியின் பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியா கம்பெனிக்கு ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ பாடினார். சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றது என்று கணக்கு சொல்கிறார்கள். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது பிரம்மாண்டமான எண். பெஸ்ஸி தன் குழுவோடு பயணம் செய்யச் சொந்தமாக ஒரு ரயில் பெட்டியே வைத்திருந்தார். தெற்கில் கறுப்பினத்தவருக்கு விடுதியில் அறை கிடைக்காது என்பதால் அது ஆடம்பரம் மட்டுமல்ல, தேவையும்கூட. ஆனால் தட்டு விற்பனையில் அவருக்கு ராயல்டி இல்லை. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கைக்காசு, அவ்வளவுதான். ப்ளூஸ் வரலாற்றில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும்.

இந்தப் பெண்கள் பாடியது பியானோவும் கார்னெட்டும் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) சேர்ந்த மேடை ப்ளூஸ். 1925-இல் பெஸ்ஸி ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாடும்போது இளம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் கார்னெட்டில் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்கிறார். அந்த மூன்று நிமிடத்தைக் கேட்ட பிறகு ‘கிராமத்து கிட்டார்தான் அசல் ப்ளூஸ், இது கலப்படம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கிட்டார் ஆண்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். 1926-இல் டெக்சஸின் பார்வையற்ற தெருப் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் விற்றுக் காட்டிய பிறகே, கம்பெனிகள் தெற்கின் தெருமுனைகளில் பாடகர்களைத் தேட ஆரம்பித்தன. அவரைப் பதிவு செய்த பாரமவுண்ட் கம்பெனியின் கதை வேடிக்கையானது. அதை நடத்தியது விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலித் தொழிற்சாலை. கிராமஃபோன் வைக்க மரப்பெட்டி செய்தார்கள்; பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் வேண்டும் என்று தட்டு போட்டார்கள். மட்டமான சரக்கில் அச்சடித்ததால், அந்தக் கால ப்ளூஸில் மிக அருமையான பல பதிவுகள் இன்று எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற இரைச்சலோடுதான் கிடைக்கின்றன. சில தட்டுகளில் உலகத்திலேயே ஒன்றிரண்டு பிரதிகள்தான் மிச்சம்.

1929-இல் பாரமவுண்டுக்குப் பாட வந்த சார்லி பேட்டனை டெல்டா ப்ளூஸின் மூலவர் என்று சொல்லலாம். டாக்கெரி என்ற பெரும் பண்ணையை மையமாக வைத்து வாழ்ந்தவர். கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்தும் கால்களுக்கு நடுவில் வைத்தும் வாசித்து வித்தை காட்டுவார். 1960-களின் ராக் மேடை வித்தையெல்லாம் அங்கே முன்பே நடந்துவிட்டது. 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்து டெல்டாவை மூழ்கடித்தபோது கறுப்பின மக்கள் பட்ட பாட்டை அவர் இரண்டு பாகப் பாட்டாகப் பதிவு செய்திருக்கிறார்.

அப்புறம் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது. 1927-இல் அமெரிக்காவில் சுமார் 10 கோடி இசைத்தட்டுகள் விற்றன. பொருளாதாரப் பெருமந்தத்தில் 1932-இல் அது 60 லட்சமாகச் சுருங்கியது. பாரமவுண்ட் மூடப்பட்டது. பெஸ்ஸியின் ஒப்பந்தம் முடிந்தது. 1937-இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே கார் விபத்தில் அவர் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்ற கதை இன்னும் உலவுகிறது. அது உண்மையல்ல, அவரைக் கறுப்பினத்தவருக்கான மருத்துவமனைக்கே கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் கொண்டுபோகக்கூடிய இடமும் அது ஒன்றுதான்.

ராபர்ட் ஜான்சன் வருவது இந்த இடத்தில். 1936 நவம்பரில் சான் ஆன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் மொத்தம் 29 பாட்டுகளைப் பதிவு செய்தார். ஒன்றே ஒன்று சுமாராக, சில ஆயிரம் பிரதிகள் விற்றது. 1938 ஆகஸ்டில் 27 வயதில் இறந்தார். நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்ற கதை, முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்னது. ராபர்ட்டின் தலையில் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டதோடு நிற்காமல், பிறர் போட்ட தட்டுகளையும் உன்னிப்பாகக் கேட்டுப் படித்தவர். ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’வின் மெட்டு கோகோமோ ஆர்னால்ட் 1934-இல் போட்ட தட்டிலிருந்து வந்தது. பிசாசைவிட கிராமஃபோன் நல்ல குரு.

இரண்டாவது உச்சத்துக்கு அடித்தளம் ரயில். 1910-களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். மிசிசிப்பிக்காரர்களுக்கு இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில் நேராக சிகாகோவில் கொண்டுபோய் இறக்கியது. 1940-இல் அந்நகரத்தின் கறுப்பின மக்கள்தொகை 2,78,000, 1960-இல் 8,13,000. போர்க்காலத் தொழிற்சாலைகள் ஆளை இழுத்தன, பண்ணைகள் ஆளைத் தள்ளின. 1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேலை ஒட்டிய ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் எந்திரத்தை ஊரறிய ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பொதிப் பருத்தியைக் கையால் எடுக்க 39 டாலர் சொச்சம், எந்திரத்துக்கு 5 டாலர் சொச்சம் என்று பண்ணைக்காரர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கோடு வாரக் குடியானவரின் கதை முடிந்தது.

மடி வாட்டர்ஸ் அதற்கு ஒரு வருடம் முன்பே கிளம்பிவிட்டார். ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941-இல் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் நாட்டார் பாட்டு சேகரிக்க வந்து அவருடைய வீட்டிலேயே பதிவு செய்தார்கள். தன் குரலைத் தட்டில் கேட்டதும் நம்மாலும் முடியும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. 1943-இல் மணிக்கு 22½ சென்டாக இருந்த கூலியை 25 ஆக்கக் கேட்டார். மேலாளர் எரிந்து விழுந்தார். சில நாளில் மடி சிகாகோவுக்கு ரயிலேறினார். பகலில் வேலை, ராத்திரியில் வாசிப்பு. சிகாகோவின் மதுக்கடை இரைச்சலில் வெறும் கிட்டார் எடுபடவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். ப்ளூஸின் பெரிய திருப்பம் இப்படி ஒரு சாதாரணத் தேவையிலிருந்துதான் வந்தது.

1948-இல் அவர் பாடிய ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்’ வெளிவந்த வேகத்தில் கடைகளில் தீர்ந்தது. தன் தட்டைத் தானே வாங்கப் போனபோது, ஆளுக்கு ஒன்றுதான் என்று கடைக்காரர் மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வாங்கியவர்கள் யார்? தெற்கிலிருந்து வந்து இறைச்சிக் கூடத்திலும் எஃகு ஆலையிலும் வேலை செய்தவர்கள். ஊர்ப் பாட்டுதான், ஆனால் மின்சாரம் ஏறிய ஊர்ப் பாட்டு. அதைப் போட்டவர்கள் போலந்திலிருந்து குடியேறிய யூதச் சகோதரர்கள் லெனர்டும் ஃபில்லும். சாராயக்கடையும் இரவு விடுதியும் நடத்தியவர்கள். 1950-இல் கம்பெனிக்குத் தங்கள் குடும்பப் பெயரையே வைத்தார்கள்: செஸ்.

அடுத்த ஆறேழு வருடங்களில் அந்த ஒரு கம்பெனியிலிருந்து வந்ததைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மடியின் குழுவில் மவுத் ஆர்கன் வாசித்த லிட்டில் வால்ட்டர், மலிவு மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து உள்ளங்கையில் பொத்தி ஆம்ப்ளிஃபையரில் ஊதினார். சாக்ஸஃபோன் போலப் பருத்த ஒரு சத்தம் வந்தது. பாட்டே இல்லாத அவருடைய ‘ஜூக்’ 1952-இல் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. விக்ஸ்பர்க்கிலிருந்து வந்த முன்னாள் குத்துச்சண்டைக்காரர் வில்லி டிக்சன் பேஸ் வாசித்ததோடு, ஒவ்வொரு பாடகருக்கும் அளவெடுத்துப் பாட்டு எழுதினார். 1954-இல் மடிக்குக் கொடுத்த ‘ஹூச்சி கூச்சி மேன்’ இசை நின்று நின்று பாயும் அமைப்புக்கு இலக்கணமே ஆகிவிட்டது.

அதே காலத்தில் வந்து சேர்ந்தார் ஹவுலிங் உல்ஃப். இயற்பெயர் செஸ்டர் பர்னெட். ஆறடிக்கு மேல் உயரம், மலை போன்ற உடம்பு, சல்லடையில் சரளை அரைபடுவது போன்ற குரல். இளம் வயதில் பேட்டனிடமே கிட்டார் கற்றவர். மேடையில் தவழ்ந்து, உறுமி, ஊளையிட்டு ஆடும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். 1951-இல் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் அவரைப் பதிவு செய்தார். பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லியைக் கண்டுபிடித்த அதே ஃபிலிப்ஸ். டெல்டாவின் முதல் தலைமுறைக்கும் மின்சார சிகாகோவுக்கும் நேரடியான பாலம் ஒரு மனிதரில் வேண்டுமென்றால் அவர் உல்ஃப்தான். எனக்கு மடியைவிட இவரைத்தான் பிடிக்கும். இதில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சிகாகோ மட்டும் எல்லாம் அல்ல. டெட்ராய்ட்டில் ஜான் லீ ஹூக்கர் ஒற்றைக் கார்டையும் கால் தட்டலையும் வைத்து ‘பூகி சில்லன்’ என்று 1949-இல் முதலிடம் பிடித்தார். மெம்ஃபிஸின் டபிள்யூடிஐஏ வானொலியில் தட்டு சுழற்றிக்கொண்டிருந்த பி.பி. கிங் 1951-இன் இறுதியில் ‘த்ரீ ஓ’கிளாக் ப்ளூஸ்’ மூலம் நாடறிந்தார். அவருடைய ஒற்றைத் தந்தி வாசிப்புக்கு முன்னோடி டெக்சஸின் டி-போன் வாக்கர்.

பிறகு இறக்கம். 1955-இல் மடி வாட்டர்ஸே கைகாட்டி அனுப்பியதால் செஸ் கம்பெனிக்குப் போன சக் பெர்ரி ராக் அண்ட் ரோலை அள்ளிக் கொடுத்தார். இளம் கறுப்பின ரசிகர்கள் அங்கேயும், பிறகு சோல் இசைக்கும் நகர்ந்தார்கள். அவர்களுக்கு ப்ளூஸ் என்றால் அப்பா அம்மா விட்டுவிட்டு வந்த பருத்திக் காடு. அந்த இடத்தை நிரப்பியவர்கள் வெள்ளை இளைஞர்கள். 1961-இல் கொலம்பியா ஜான்சனின் பழைய பதிவுகளை ஒரு எல்பியாக (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) போட்டது. சேகரிப்பாளர்கள் பழைய தட்டுகளில் கேட்ட ஊர்ப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு பாடகர்களைத் தேடிப் போனார்கள். 1963-இல் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை அவர் 1928-இல் பாடிய பாட்டில் சொன்ன அவலான் கிராமத்திலேயே கண்டுபிடித்தார்கள். 1964-இல் பழைய டெல்டா பாடகர் சன் ஹவுஸ் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் கிடைத்தார். அவர் வாசிப்பதை விட்டே பல வருடம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளை இளைஞர் உட்கார்ந்து அவருடைய பழைய பதிவுகளை அவருக்கே நினைவூட்ட வேண்டியிருந்தது.

இவர்கள் செய்தது பெரிய உபகாரம். ஆனால் தனிமை, கிட்டார், கிராமம், மர்ம மரணம் என்ற படத்தையும் வரைந்தவர்கள் இவர்களே. அதில் பெஸ்ஸியின் ரயில் பெட்டிக்கும் மடியின் பளபளக்கும் சூட்டுக்கும் இடமில்லை. கேள்வியில் இருக்கும் பொற்காலம் அந்தப் படத்திலிருந்து வந்தது.

பணம் எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். எல்விஸின் முதல் தட்டு ப்ளூஸ் பாடகர் ஆர்தர் க்ரடப்பின் பாட்டு. தனக்கு வர வேண்டிய ராயல்டியை வாங்காமலேயே க்ரடப் 1974-இல் இறந்தார். பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ தன்னுடைய பாட்டிலிருந்து எடுத்தது என்று 1985-இல் டிக்சன் வழக்குப் போட்டார். 1987-இல் சமரசம் ஆனது. பழைய கலைஞர்களின் உரிமைகளை மீட்க ஓர் அறக்கட்டளையையும் அவர் தொடங்கினார். சிகாகோவில் சவுத் மிச்சிகன் அவென்யூ 2120-ஆம் எண்ணில் இருந்த செஸ் கட்டடம் இப்போது அந்த அறக்கட்டளையின் கையில் இருக்கிறது.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: பெஸ்ஸியின் 1925 ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’, லிட்டில் வால்ட்டரின் ‘ஜூக்’, உல்ஃபின் 1956 ‘ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்’. காது பழகிய பிறகு பேட்டனிடம் போங்கள். இரைச்சலைத் தாண்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வார்த்தைகள் விளங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பேட்டனின் சில வரிகளில் அவர் என்ன பாடுகிறார் என்று அமெரிக்கர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.